யானைக் காசுக்கு யார் சாட்சி?

ஸ்ரீரங்கப்பட்டணத்து ஆதிரங்கத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு, அப்படியே தரியா தௌலத் மாளிகையையும் திப்புவின் சமாதியான கும்பஸையும் பார்த்துவரக் கிளம்பும் தமிழ்நாட்டு யாத்திரிகர்களுக்கு இந்த ஆளைத் தெரிந்திருக்கும். கிட்டே வந்து உள்ளங்கையை விரிப்பார். கறுத்துப்போன நான்கைந்து செப்புக் காசுகள். ஒன்றில் யானை நிற்கும். "திப்பு சுல்தான் காசு சார், ஒரிஜினல்!" சொல்லும் விலை ஐந்நூறு என்றால், நாலடி நடப்பதற்குள் நூறுக்கு இறங்கிவிடும். வாங்கியவர் பஸ்ஸில் ஏறும்போது சந்தேகமும் கூடவே ஏறிக்கொள்ளும்.

அதே யானைக் காசு ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள், மேலே அச்சடித்த சீட்டு, அதில் ஓர் எண், பார்கோடு சகிதம் இணைய ஏலத்துக்கு வந்தால் விலை பல மடங்கு ஏறிவிடுகிறது. சந்தேகம் மட்டும் காணாமல் போய்விடுகிறது. அது போவது நியாயம்தானா?

அந்த உறைக்குச் சேகரிப்பாளர்கள் மத்தியில் 'ஸ்லாப்' என்று பெயர். விற்பவரோ வாங்குபவரோ இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் காசைப் பார்த்து அசலா போலியா என்று சொல்கிறார். அதன் நிலைக்கு 1 முதல் 70 வரை ஓர் எண் தருகிறார். பிறகு யாரும் மாற்ற முடியாதபடி மூடி முத்திரையிட்டுவிடுகிறார். அமெரிக்காவில் பிசிஜிஎஸ் 1986-லும் என்ஜிசி 1987-லும் இந்தத் தொழிலில் இறங்கின. கொஞ்ச காலத்தில் அந்த மூன்றாவது ஆளின் மேலேயே சந்தேகம் வந்தது. 2007-ல் ஜான் அல்பனீஸ் என்பவர் சிஏசி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். என்ஜிசி-யை நிறுவியவரும் இவரேதான். ஏற்கெனவே ஸ்லாப் போட்ட காசை வாங்கிப் பார்த்து, கொடுத்த எண் தகும் என்றால் உறையின் மேல் ஒரு பச்சை ஸ்டிக்கர். எண் குறைவாகவே போட்டிருக்கிறார்கள் என்று பட்டால் தங்க நிற ஸ்டிக்கர். இரண்டும் இல்லையென்றால் வந்தபடியே திரும்பிப் போகும். ஆக, காசுக்கு ஒரு சாட்சி, சாட்சிக்கு ஒரு சாட்சி.

எண் ஏன் இவ்வளவு பெரிய விஷயமானது என்பதற்கு ஒரு சுவாரசியமான பின்கதை உண்டு. 1 முதல் 70 வரையிலான இந்த அளவுகோலை வகுத்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். ஆரம்பகால அமெரிக்கப் பெரிய செப்புச் செண்ட் காசுகளைப் பற்றி 1949-ல் அவர் எழுதிய புத்தகத்தில் அது வந்தது. தேய்ந்து உருத்தெரியாத காசுக்கு 1, அச்சில் இருந்து இறங்கிய பொலிவோடு இருப்பதற்கு 60-க்கு மேல். காசின் நிலைக்கு ஓர் எண் கொடுத்துவிட்டால் விலையையும் கணக்காகவே சொல்லிவிடலாம் என்பது அவர் எண்ணம். அவர் இறந்து பல வருஷம் கழித்துத்தான் இன்னொன்று வெளியே வந்தது. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பில் இருந்த நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையில் மட்டமான காசுகளை அந்த இடத்தில் வைத்திருந்தார் ஷெல்டன். ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கும் மேல். வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. தராசு செய்தவரே கைவரிசை காட்டினால் தராசை நம்புவது எப்படி என்று சேகரிப்பாளர்கள் இன்றும் வேடிக்கையாகக் கேட்டுக்கொள்வது உண்டு. இருந்தாலும் உலகம் முழுக்க அந்தத் தராசுதான் புழக்கத்தில் இருக்கிறது.

அதன் குறை ஷெல்டனின் நாணயத்தில் இல்லை. அது அளக்க முயலும் விஷயத்திலேயே இருக்கிறது. நகைக்கு ஹால்மார்க் போடுகிறார்கள் என்றால் அங்கே தங்கத்தின் தூய்மையைக் கருவி அளந்து சொல்கிறது; எந்த ஊர் மையத்தில் அளந்தாலும் 916 என்பது 916-தான். காசின் நிலையை அளக்கக் கருவி கிடையாது. பழகிய கண்கள் பார்த்துச் சொல்கின்றன. 63 என்று ஒரு கண்ணுக்குப் பட்டது இன்னொரு கண்ணுக்கு 64 ஆகலாம். அந்த ஓர் எண் வித்தியாசத்தில் விலை இரட்டிப்பாகும் காசுகளும் இருப்பதால், அமெரிக்க வியாபாரிகள் ஸ்லாப்பை உடைத்துக் காசை எடுத்து, அதிக எண் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்ப்பதை ஒரு தொழிலாகவே வைத்திருந்தார்கள். தரம் பார்ப்பது பாரபட்சமற்றது, எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் என்று விளம்பரம் செய்ததற்காக 1990-ல் பிசிஜிஎஸ் மீது அமெரிக்க மத்திய வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. அது சமரசத்தில் முடிந்தது. பச்சை ஸ்டிக்கர் பிறந்ததற்கான நியாயமும் இங்கேதான் இருக்கிறது. லட்சக்கணக்கான காசுகள் ஸ்லாப்பில் புழங்கும் சந்தையில், ஒரே எண் போட்ட இரண்டில் எது உண்மையிலேயே அந்த எண்ணுக்குத் தகுந்தது என்று பிரித்துச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். ஆனால் சிஏசி பார்ப்பது அமெரிக்கக் காசுகளை மட்டும்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்து யானைக்கு அந்தப் பச்சைப் பொட்டு கிடைக்க வழியில்லை.

கிடைக்காததால் நஷ்டமும் பெரிதாக இல்லை என்று சொல்லத் தோன்றுகிறது. அது ஏன் என்று புரிய, அந்தக் காசையே கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

காவிரி இரண்டாகப் பிரிந்து அணைத்திருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத் தீவுக் கோட்டையில்தான் திப்புவின் தலைமை நாணயச்சாலை இருந்தது. காசுகளில் ஊர்ப் பெயர் 'பட்டன்' என்று பாரசீக எழுத்தில் வரும். 1782 கடைசியில் ஆட்சிக்கு வந்ததில் இருந்து 1799 மே 4-ல் கோட்டை வாயிலருகே வீழ்ந்தது வரை பதினாறரை வருஷம். அதற்குள் அவர் வெளியிட்ட காசுகளின் வகையைப் பார்த்தால் பேரரசுகளுக்கே பொறாமை வரும். தங்கத்தில் அஹ்மதி, சித்தீகி, ஃபாரூகி. வெள்ளியில் இரட்டை ரூபாய் 'ஹைதரி', ரூபாய் 'இமாமி', அதற்குக் கீழே முப்பத்திரண்டில் ஒரு பங்கு வரை தனித்தனிப் பெயர்கள். செம்புக்கு வானத்தில் இருந்து பெயர் எடுத்தார்: ஒரு பைசாவுக்கு ஜோஹ்ரா என்றால் சுக்கிரன், அரைப் பைசாவுக்கு பஹ்ராம் என்றால் செவ்வாய், கால் பைசாவுக்கு அக்தர், அதாவது நட்சத்திரம், அரைக்கால் பைசா குத்ப், துருவ நட்சத்திரம். செம்புக் காசு எல்லாவற்றிலும் ஒரு பக்கம் யானை.

வேடிக்கை ஆண்டுக் கணக்கில்தான். முதலில் ஹிஜ்ரி ஆண்டு போட்டவர், 1787-ல் தானே வகுத்த மவ்லூதி ஆண்டுக்கு மாறினார். அதோடு இலக்கங்களையும் வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். 1215 என்ற ஆண்டு காசில் 5121 என்று நிற்கும். 1226 என்றால் 6221. விஷயம் தெரியாத போலிக்காரர் இந்த இடத்தில் சறுக்கியதுண்டு. தெரிந்தவர் சறுக்கமாட்டார் என்பதையும் சொல்லவேண்டும்.

அடுத்தது நாணயச்சாலை. ஸ்ரீரங்கப்பட்டணம் ஒன்றுதான் என்றில்லை. பெத்நூர் 'நகர்' ஆனது; கூத்தி 'ஃபைஸ் ஹிஸார்', சித்ரதுர்கம் 'ஃபரக்பாப் ஹிஸார்', தார்வாட் 'குர்ஷித் ஸவாத்'. நம் சத்தியமங்கலம் 'ஸலாமாபாத்' என்ற பெயரில் காசு அடித்தது. திண்டுக்கல்லோடு சேர்த்துச் சொல்லப்படும் 'காலிகாபாத்' என்றொரு பெயரும் உண்டு. பட்டனும் நகரும் தாராளமாகக் கிடைக்கும். மற்ற சில ஊர்கள் அரிது. விலை ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் இந்த ஊர்ப் பெயரை வைத்துத்தான்.

இந்தக் காசுகள் கையால் அடிக்கப்பட்டவை. அச்சு பெரியது, செப்புத் துண்டு சிறியது. சம்மட்டி விழுந்த இடத்தைப் பொறுத்து ஒரு காசில் யானைக்குத் தும்பிக்கை இருக்காது. இன்னொன்றில் யானை முழுசாக இருக்கும், பின்புறம் ஊர்ப் பெயர் பாதி வெளியே போயிருக்கும். ஷெல்டனின் எண் தேய்மானத்தைச் சொல்லும், இதைச் சொல்லாது. நன்றாகப் புழங்கித் தேய்ந்தும், யானை, ஆண்டு, ஊர் மூன்றும் முழுசாக விழுந்த ஒரு காசு, தேயாமலே ஊர்ப் பெயர் இல்லாமல் போன காசைவிடப் பல சேகரிப்பாளர்களுக்கு உசத்தி. உறையில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து இரண்டையும் ஒப்பிட்டவர் ஏமாந்துதான் போவார்.

யானை என்றாலே திப்பு என்பதும் இல்லை. திப்பு வீழ்ந்த பின் 1799-ல் அரியணை ஏறிய மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரும் யானைக் காசையே தொடர்ந்தார். அவர் யானைக்கு மேல் சூரியனும் பிறையும் இருக்கும். கன்னடத்தில் 'ஸ்ரீ' இருக்கும். பின்னாளில் சாமுண்டியின் பெயரும் சேர்ந்தது. கும்பஸ் வாசலில் திப்புவின் பெயரால் கைமாறும் அசல் காசுகளில்கூட உடையார் காசுகள் கலந்திருப்பது சகஜம். அங்கே பொய் காசில் இல்லை, பெயரில்தான் இருக்கிறது.

கோட்டை வீழ்ந்ததைக் கொண்டாடக் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த பதக்கமும் சந்தையில் வரும். பிரிட்டிஷ் சிங்கம் மைசூர்ப் புலியை மடக்கிப் பிடித்திருக்கும் காட்சி ஒரு பக்கம், கோட்டை மீதான தாக்குதல் மறுபக்கம். பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச்சாலையில், கூச்லர் என்ற ஜெர்மானியர் செதுக்கிய அச்சில் அடித்தது. உயர் அதிகாரிகளுக்குத் தங்கம், கீழே வரவர வெள்ளி, வெண்கலம், கடைசியில் வெள்ளீயம். கல்கத்தாவிலும் இதே பதக்கத்தை அடித்தார்கள். சோஹோ பதக்கம் 48 மில்லிமீட்டர், கல்கத்தா பதக்கம் 45. மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். பின்னாளைய நகல்கள் வேறு. இப்படிப்பட்ட பொருளுக்கு மூன்றாவது கண் உண்மையிலேயே தேவை. அது முதலில் சொல்லவேண்டியது 'இது என்ன' என்பதை. எத்தனை மார்க் என்பது அப்புறம்.

சரி, அந்த மூன்றாவது கண்ணிடம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காசை எப்படிக் கொண்டுபோவது? இங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1972-ல் இயற்றி 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்த தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி, நூறு வயது நிறைந்த எந்தக் காசும் தொல்பொருள். மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை. தரம் பார்த்துத் திரும்பி வரத்தானே அனுப்பினேன் என்று சொல்லிப் பயனில்லை. என்ஜிசி இருப்பது ஃபுளோரிடாவில். பெங்களூருவில் இருந்து ஒரு திப்பு பைசாவைக் கூரியரில் அங்கே அனுப்புவதே குற்றம். வெளிநாட்டு ஏலங்களில் ஸ்லாப்போடு வரும் திப்பு காசுகள், எப்போதோ வெளியே போய் அங்கேயே கைமாறி வந்தவையாக இருக்கலாம். இந்தியாவுக்குள் ஒருவர் அப்படி ஒன்றை விற்கிறார் என்றால், இது எப்போது வெளியே போய் எப்படி உள்ளே வந்தது என்று வாங்குபவர் கேட்டே ஆகவேண்டும். தரம் பார்க்கும் நிறுவனம் இங்கேயே வந்து உட்கார்ந்து பார்த்தது என்றால் அது வேறு கதை. அதற்கும் தாள் இருக்கும்.

ஸ்லாப் நன்றாக உதவும் இடம் ஒன்றைச் சொல்லாவிட்டால் கணக்குச் சரியாகாது. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாயில் 1938-ஆம் ஆண்டுக் காசு சுலபமாகக் கிடைக்கும். 1939 மிக அரிது, விலை லட்சத்தில் பேசப்படும். இரண்டுக்கும் எடை ஒன்று, வெள்ளி ஒன்று, அரசர் முகம் ஒன்று. வித்தியாசம் கடைசி இலக்கம் மட்டும். எட்டை ஒன்பதாக்கத் தேர்ந்த கைக்கு அதிக நேரம் பிடிக்காது. இலக்கத்தைச் சுற்றியுள்ள உலோகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பழகியவருக்குத்தான் அது தெரியும். காசுக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை, ஆகவே தொல்பொருள் சட்டம் தடுக்காது. லட்சம் கொடுக்கும் முன் சில ஆயிரம் செலவழித்து ஒரு சாட்சியைத் தேடிக்கொள்வது இங்கே புத்திசாலித்தனம்.

சாட்சிக்கே போலி உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. என்ஜிசி, பிசிஜிஎஸ் உறைகளையே போலியாகச் செய்து, அசல் சான்று எண்ணையே நகலெடுத்து ஒட்டி விற்றவர்கள் உண்டு. அதனால்தான் அந்த நிறுவனங்கள் சான்று எண்ணைத் தங்கள் தளத்தில் போட்டுப் பார்க்கச் சொல்கின்றன. பல காசுகளுக்குப் படமும் அங்கே இருக்கும். கையில் உள்ள காசின் கீறலும் படத்தில் உள்ள கீறலும் ஒத்துப்போகவேண்டும். எண் இருக்கிறது என்று மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டால் பாதி வேலைதான் முடிந்தது.

நம் பக்கத்துச் சாட்சிகளோ இன்னும் ஒருபடி மேலே. அரிசியை இழுக்கும் சக்தி உள்ள காசு, இரிடியம் கலந்த கலசம் என்று தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் எத்தனை பேர் எத்தனை கோடியைத் தொலைத்தார்கள்! அந்த மோசடியின் உச்சக்காட்சியே சோதனைதான். விஞ்ஞானி என்று ஒருவர் வருவார், கதிர்வீச்சைத் தாங்கும் உடை அணிவார், சான்றிதழ் தருவார். 2018-ல் டெல்லியில் பிடிபட்ட தந்தையும் மகனும் நாசாவின் பெயரைச் சொல்லி, இந்த உடை சகிதமாகத்தான் ஒரு வியாபாரியிடம் பணம் கறந்தார்கள். ராமர் பட்டாபிஷேகம் ஒருபுறம், 1818 ஆண்டு மறுபுறம் போட்ட 'கம்பெனி ஒரு அணா'வைத் தெரியாத வீடு குறைவு. கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. பழைய நோட்டுக்கும் காசுக்கும் லட்சம் தருகிறோம் என்று ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டுப் பணம் பறித்தவர்களைப் பற்றி 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்கை வெளியிடவேண்டி வந்தது. தாங்கள் அப்படி எதையும் வாங்குவதும் இல்லை, கமிஷன் கேட்பதும் இல்லை என்றது. மூன்றாவது ஆள் யார், அவருக்கு யார் காசு கொடுக்கிறார்கள், தப்பாகச் சொன்னால் அவருக்கு என்ன நஷ்டம்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத சான்றிதழ் வெறும் காகிதம். பெரிய தரநிர்ணய நிறுவனங்கள் மேல் எத்தனை குறை சொன்னாலும், போலியை அசல் என்று சொல்லிவிட்டால் ஈடு தருவதாக அவை உத்தரவாதம் எழுதிக் கொடுக்கின்றன. அந்த ஒரு வரிக்காகத்தான் உறைக்கு மதிப்பு.

உறை இல்லாத யானைக் காசுக்கு என்ன வழி? சாட்சியைத் துண்டு துண்டாகத் திரட்டவேண்டியதுதான். முதலில் தராசு. திப்புவின் ஒரு பைசா பதினோரு கிராமை ஒட்டி இருக்கும், இரட்டைப் பைசா இருபத்திரண்டு, இருபத்துமூன்று. தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம். எட்டு கிராமில் ஒரு பைசா வந்தால் யோசிக்கவேண்டும். ஹைதரி இரட்டை ரூபாயும் ஏறக்குறைய இருபத்துமூன்று கிராம். அடுத்து விளிம்பு. வார்த்து எடுத்த போலியில் இரண்டு அச்சும் சேர்ந்த கோடு ஓரத்தில் தெரியும், அல்லது அதை அராவி மறைத்த தடம் தெரியும். பரப்பில் ஊசி முனை அளவில் குழிகள் இருக்கும். எழுத்து மழமழவென்று கரை இல்லாமல் இருக்கும். அடித்த காசில் எழுத்து எவ்வளவு தேய்ந்தாலும் அதன் அடிவாரம் கூர்மையாக நிற்கும்.

மூன்றாவது, களிம்பு. இருநூறு வருஷக் கறுப்பும் பச்சையும் உலோகத்தோடு ஒட்டி வளர்ந்திருக்கும். பூசிய கறுப்பு, வெந்நீரில் நனைத்த பஞ்சில் வந்துவிடும். இங்கே நம் வீட்டுப் பழக்கம் ஒன்று பெரிய சேதம் செய்கிறது. செப்புக் குடம் என்றால் புளி போட்டுத் தேய்ப்பது போல, தாத்தா பெட்டியில் கிடைத்த காசையும் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுகிறார்கள். தரம் பார்க்கும் நிறுவனத்துக்கு அப்படி ஒரு காசு போனால் எண்ணே தரமாட்டார்கள். அசல்தான், ஆனால் தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டது என்று சீட்டில் எழுதிவிடுவார்கள். சந்தையில் அந்தச் சீட்டு காசின் விலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

பிறகு புத்தகம். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஜே.ஆர். ஹெண்டர்சன் 1921-ல் ஹைதர், திப்பு காசுகளைப் பற்றி எழுதிய நூல் நூறு வருஷம் கழித்தும் ஏலப் பட்டியல்களில் மேற்கோளாக வருகிறது. எந்த ஊர், எந்த ஆண்டு, யானை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். கையில் உள்ள காசு அதில் எந்த வகை என்று விற்பவரால் சொல்ல முடிகிறதா என்று கேட்டுப் பார்ப்பதே ஒரு சோதனை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் காட்சிக்கூடத்திலும் அசலைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, பில். தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும் என்று அதே 1972 சட்டம் சொல்கிறது. பெங்களூரு, மும்பை, அகமதாபாத் நகரங்களில் தொடர்ந்து நாணய ஏலம் நடத்தும் நிறுவனங்கள் எடை, நாணயச்சாலை, ஆண்டு, நூல் எண் எல்லாவற்றையும் பட்டியலில் அச்சடித்து, தங்கள் பெயரைப் போட்டு விற்கின்றன. பட்டியலில் சொன்னது தப்பு என்று பின்னால் தெரிந்தால் கேட்க ஒரு முகவரி இருக்கிறது. கும்பஸ் வாசலில் உள்ளங்கையை விரித்தவருக்கு அது கிடையாது.

இனி கணக்கு. சாதாரணப் பட்டன் பைசா நல்ல நிலையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வெளிநாட்டுத் தரநிர்ணயக் கட்டணம், போகவர அஞ்சல், காப்பீடு எல்லாம் சேர்ந்தால் காசின் விலையைப் போலப் பல மடங்கு. சட்டம் அனுமதித்தாலுமே அதற்கு ஸ்லாப் போடுவது வீண் செலவு. ஹைதரி இரட்டை ரூபாயோ தங்க ஃபாரூகியோ என்றால், பல்லாயிரம் கைமாறும் முன் விற்பவர் அல்லாத ஒருவர் பார்த்து எழுதித் தந்த கருத்து கையில் இருக்கவேண்டும். அவர் அமெரிக்காவில் இருக்கவேண்டும் என்று இல்லை. பாரசீக எழுத்தை வலமிருந்து படிக்கத் தெரிந்து, தன் கையெழுத்துக்குப் பொறுப்பேற்பவராக இருந்தால் போதும்.